பொங்கல் சீரில் வந்த வைட்டமின்

பாலோ,
10 ஜனவரி 2025

அன்புள்ள ராசம்மாவுக்கு அண்ணி யோகம் எழுதுவது.

தீபாவளியிலிருந்து உனக்குப் போன் அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. மணி போகிறது, நீ எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பார்த்ததாகக்கூடக் காட்டவில்லை. சரி, பொங்கல் பெட்டியைத் தபாலில் அனுப்பத்தானே போகிறோம், அதற்குள் ஒரு கடிதத்தையும் வைத்தால் பிரித்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பாலர் பள்ளியில் அத்தனை வருடம் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான். இப்போது நாலு வரி எழுதினாலே மணிக்கட்டு இழுக்கிறது.

பெட்டியில் இருப்பது உன் அண்ணன் வீட்டுச் சீர், ஒரு வருடத்துக்குப் போதும். அவர்தான் உட்கார்ந்து டேப் ஒட்டினார். போன பொங்கலுக்கும் அதற்கு முந்தைய இரண்டு பொங்கலுக்கும் அனுப்பியது போலத்தான். அவருக்கு ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு நீ ஒற்றைக் கிட்னியோடு இருக்கிறாய். உனக்குப் போய் புடவையும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் அனுப்பி என்ன செய்ய? உடம்புக்குப் பலம் தருவதைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆபரேஷன் முடிந்த வருடமே நான் முடிவு செய்துவிட்டேன். எல்லாம் நல்ல சரக்கு, நான் விற்கிற கம்பெனியின் முதல் தரம். புட்டியில் மினுமினுக்கிற அரசாங்க ஸ்டிக்கர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தேன்.

மாற்றிச் சாப்பிட்டுவிடாதே, சொல்கிறேன். ஆரஞ்சு மூடி வைட்டமின் சி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெள்ளை மூடி கால்சியம், அதில் வைட்டமின் டியும் உண்டு. மஞ்சள் உருண்டை மீன் ஈரல் எண்ணெய். பெரிய புட்டியில் எல்லா வைட்டமினும் சேர்ந்த மாத்திரை. டின்னில் புரோட்டீன் மாவு, பாலில் கலக்கு. இந்த முறை புதிதாக ஒரு மூலிகைப் பொடிப் பாக்கெட்டும் வைத்திருக்கிறேன். கிட்னியைக் கழுவி விடுமாம். குளுவாங்கில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில் ஒருவர் மேடையேறி அழுதுகொண்டே அதன் அருமையைச் சொன்னார்.

எனக்கு ஊர் வாயைத் தாங்க முடியவில்லை ராசம்மா. கோயிலில் கும்பிட்டுத் திரும்பினால் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்கிறாள். "ஒங்க வீட்டுக்காரரு நல்லா தெம்பாயிட்டாரு, குடுத்த பொண்ணு ஏங்க இப்படி வத்திப் போச்சு?" என்கிறாள். என்னவோ நான்தான் உன்னை உறிஞ்சிக் குடித்த மாதிரி. அந்த வாயை அடைக்கவாவது நீ நன்றாகச் சாப்பிட்டு நாலு கிலோ ஏற வேண்டும்.

தீபாவளியன்று ஏன் சாப்பிடாமலே கிளம்பினாய்? ஆட்டிறைச்சிப் பிரட்டல் சட்டியோடு கிடந்தது. உன் அண்ணன் தினமும் "ராசு போன் பண்ணுச்சா?" என்று கேட்கிறார். "பண்ணுச்சு, நல்லா இருக்காளாம்" என்று சொல்லி வைக்கிறேன். எத்தனை நாள் பொய் சொல்வது?

உன் வீட்டுக்காரர் ஹேமநாதன் தம்பிக்கு எங்கள் பொங்கல் வாழ்த்து.

அண்ணி
யோகம்


பெக்கான் நானாஸ்,
25 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பெட்டி வந்தது. பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிட்டது. ஹேமநாதன் அன்னாசி லாரியிலிருந்து இறங்கி வந்து, "ஒங்கண்ணன் வீட்டு பார்மசி வந்துருச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் பேசுவீர்கள், நான் ஊம் போடுவேன், அண்ணன் கடைசியில் "சாப்பிட்டியா ராசு?" என்று கேட்பார், வைத்துவிடுவோம். சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நிற்கும். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே இனி கடிதமே போதும்.

தீபாவளியைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன். உங்கள் கம்பெனிப் பெண்கள் வந்தபோது என்னை முன்னறையில் எழுப்பி நிறுத்தினீர்கள். "இவதான் எங்க நாத்தனார், ஒரே கிட்னி, நம்ம புரோடக்ட்தான் சாப்பிடுறா, பாருங்க எப்படி கல்லு மாதிரி இருக்கா" என்றீர்கள். ஒரு பெண் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி போட்டோ எடுத்தாள். அண்ணன் அங்கேயே இருந்து, பெருமையாகத் தலையாட்டினார். கடையில் நெய் டப்பாவை எடுத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது அண்ணி. அதற்கு மேல் எந்த இறைச்சி தொண்டையில் இறங்கும்?

அதை விடுங்கள். பேச வந்தது வேறு. இந்த மாதம் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனேன். இரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்ப்பார்களே, அது ஏறியிருக்கிறதாம். கிட்னி சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றால் அது ஏறும். ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். "மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உண்மைதானே, நான் மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. அண்ணன் வீட்டிலிருந்து வருகிற சீரைத்தான் சாப்பிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் இவற்றை அனுப்பாதீர்கள். காலையில் பள்ளிக் கேண்டீனுக்கு மாவு கரைக்கும் முன்னால் இத்தனையும் விழுங்கிவிட்டால் ஒரு தோசைக்குக்கூட வயிற்றில் இடம் இருப்பதில்லை. ஒரு புட்டியை மூலையில் போட்டு வைக்கலாம் என்றால் பிறந்த வீட்டுச் சீரை மூலையில் போட மனசு வரவில்லை. ஒரு நாள் விட்டாலும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டு வருகிறேன், அலுத்துப்போய்விட்டது.

இரத்த விஷயத்தை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

ராசம்மா


பாலோ,
3 பிப்ரவரி 2025

ராசம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அத்தனை கோபம் எனக்கு.

சீரை வேண்டாம் என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? பிறந்த வீட்டுச் சீரை நிறுத்தச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? அண்ணன் இல்லை, அண்ணி இல்லை, வாசல்படி இல்லை என்று அர்த்தம். உன் அண்ணன் டயாலிசிஸ் இயந்திரத்தில் கிடந்த காலத்தில்கூட, கையில் ஊசித் தழும்போடு நாடா வாங்கிக் கட்டி உனக்குச் சீர் அனுப்பியவர். அந்த மனுசனுக்கு நீ கொடுக்கிற மரியாதை இதுதானா?

கம்பெனிப் பெண்கள் முன்னால் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னேன். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? இந்த ஊரில் யார் கிட்னி கொடுத்தார்கள், சொல். அவருடைய தம்பி கொடுத்தாரா? என் வீட்டு ஆட்கள் கொடுத்தார்களா? நானே கொடுக்கிறேன் என்றுதான் முதலில் போய் நின்றேன். எனக்கு இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதான் கொடுத்தாய். அதைச் சொல்லாமல் எதைச் சொல்வேன்? என் தாலி உன் உடம்பில் இருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். நீ என்னடாவென்றால் நெய் டப்பா என்கிறாய்.

உனக்கு நான் என்ன செய்தால் ஈடாகும் என்று ஒவ்வொரு ராத்திரியும் கணக்குப் போட்டே களைத்துப்போகிறேன். எதுவும் ஈடாகாது. அதனால் கையில் கிடைக்கிற நல்லதையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போடுகிறேன். அது என் கடமை. அதைத் தடுக்க நீ யார்?

கிரியேட்டினின் ஏறினால் அதற்குத்தானே மூலிகைப் பொடி அனுப்பியிருக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்று போட்டிருப்பதை நீ இரண்டாக்கிக் கொள். நிறையத் தண்ணீர் குடி. எல்லாம் இறங்கிவிடும். மூலிகைதானே, கெடுதல் கிடையாது.

யோகம்


பெக்கான் நானாஸ்,
9 மார்ச் 2025

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி இரண்டு கரண்டி போட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன், நான் சீரை மதிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள், பள்ளி இடைவேளைக்கு மீ கோரேங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது இடுப்புக்குப் பின்னால் யாரோ திருகினது போல் வலி. கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் இரவிலிருந்தே சிறுநீர் சரியாகப் போகவில்லை. வேலை மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஹேமநாதன் லாரியை அப்படியே தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். கிளினிக்கில் பார்த்துவிட்டு உடனே ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

கல் அண்ணி. கிட்னியிலிருந்து இறங்குகிற குழாயில் கல் உட்கார்ந்து வழியை அடைத்துவிட்டது. இரண்டு கிட்னி இருக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஓடும். எனக்கு இன்னொரு பக்கம் பாலோவில் அல்லவா இருக்கிறது. சிறுநீர் முழுக்க நின்றுவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் அண்ணன் கிடந்த அதே இயந்திரத்தில் என்னையும் போட்டிருப்பார்களாம். உள்ளே ஒரு குழாய் வைத்து வழி எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

வார்டில் ஒரு தமிழ் டாக்டரம்மா, சின்ன வயசு. "அக்கா, மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். வழக்கம்போல, "இல்ல டாக்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற ஹேமநாதன், "மருந்து இல்ல டாக்டர், ஆனா சீரு நெறைய சாப்பிடுது" என்றார். "என்ன சீரு?" என்று அவள் முழித்தாள். இவர் விளக்கினார். விளக்கின விதத்தைக் கேட்டு அடுத்த கட்டில் அம்மா வலியிலும் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் கொண்டாங்கண்ணே. மூடி தொறந்தது, தொறக்காதது, எல்லாம்" என்றாள்.

மறுநாள் இவர் ஐஸ் பெட்டிக்கு மேலே இருந்ததையெல்லாம் ஓர் அன்னாசிப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் என் கட்டிலிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தாள். அவள் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற வரை எழுதுகிறேன்.

"தனித்தனியா பார்த்தா இது எதுவும் விஷம் இல்லக்கா. கூட்டிப் பாருங்க. வைட்டமின் ஏ இந்தப் பெரிய மாத்திரைலயும் இருக்கு, மீன் எண்ணெய்லயும் இருக்கு. டி மூணு புட்டில இருக்கு. இதெல்லாம் தண்ணியில போறது இல்ல, ஒடம்புலயே சேந்துக்கும். வைட்டமின் சி ஒரு நாளைக்கு ஆயிரம் ஆயிரம் மில்லிகிராமா ரெண்டு தடவ. ஒடம்புக்கு வேண்டியது போக மிச்சத்த யாரு வெளிய தள்றது? அந்த ஒத்தக் கிட்னிதான். அதுல கல்லு கட்டலாம். அதுக்கு மேல கால்சியம் வேற, புரோட்டீன் மாவு வேற."

"இதனாலதான் கல்லு வந்துச்சா?" என்று கேட்டேன். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுக்கா. ஆனா இவ்ளோ சாப்பிட்டது நல்லது பண்ணல, அது தெரியும்" என்றாள். உங்கள் மினுமினுக்கும் ஸ்டிக்கரையும் ஹேமநாதன் காட்டினார். "இது கடைல விக்கலாம்னு சொல்லுதுண்ணே. ஒத்தக் கிட்னிக்காரங்களுக்கு ஒத்துக்கும்னு சொல்லல" என்றாள். மூலிகைப் பொடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் அந்த ஸ்டிக்கரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற எழுத்தும் இல்லை. "அலமாக், இத நான் எப்படி சரின்னு சொல்றது? இத மொதல்ல நிறுத்துங்க" என்றாள்.

மூன்று வருடமும் என்னை மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். மூன்று வருடமும் இல்லை என்றேன். என் மேலும் தப்பு இருக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து வருவதை ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லும் பொருளாக நான் நினைக்கவே இல்லை.

ஆனால் இப்போது படுத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். அண்ணனுக்கும் இதையெல்லாம் கொடுக்கிறீர்களா? அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருப்பதும் என்னுடையதுதான். அதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

ராசம்மா


பாலோ,
16 மார்ச் 2025

என் கண்ணே ராசம்மா,

முருகா, நான் என்ன செய்துவிட்டேன்! உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கல்லா? உனக்கா? ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் கிடந்திருக்கிறாய், ஹேமநாதன் தம்பி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கார் எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே.

இப்போது வலி இருக்கிறதா? குழாயை எப்போது எடுப்பார்கள்? கேண்டீனை யார் பார்க்கிறார்கள்? அடுப்புப் பக்கம் நிற்காதே. தண்ணீர் புட்டியைக் கையிலேயே வைத்துக்கொள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் வைட்டமின் சி சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்துக்கு வருகிற அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள். இயற்கைப் பொருள், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் என்றுதான் எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். நான் அதை நோட்டு எடுத்து மனப்பாடம் செய்து நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மிச்சத்தைத் தள்ளுவது யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சின்ன டாக்டரம்மா கேட்டாளே.

வேண்டுமென்றே உனக்குக் கெடுதல் செய்வேனா? உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடத்தான் நினைத்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன்.

மூலிகைப் பொடி விற்ற பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஒடம்புல இருக்க கெட்டது வெளிய வரும்போது மொதல்ல அப்படித்தான்க்கா இருக்கும், பயப்படாதீங்க" என்கிறாள். போனைத் தூக்கி எறிந்துவிடலாம் போல வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உன்
அண்ணி


பெக்கான் நானாஸ்,
24 மார்ச் 2025

அண்ணி,

வலி குறைந்திருக்கிறது. குழாயை ஏப்ரலில் எடுப்பார்கள். கேண்டீனைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அண்ணனுக்குக் கொடுக்கிறீர்களா, இல்லையா?

ராசம்மா


பாலோ,
6 ஏப்ரல் 2025

ராசம்மா,

நோன்புப் பெருநாள் விடுமுறையில் தபால் ஓடவில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. இந்த வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

இல்லை. அவருக்குக் கொடுப்பதில்லை. ஒரு நாளும் கொடுத்ததில்லை.

அவருக்கு ஒரு நட்சத்திரப் பழம் வெட்டுவதானால்கூட கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்பேன். வேறு கிட்னி பொருத்தியவர்கள் எதைத் தொட்டாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், வைட்டமினும் மூலிகையும் சேர்த்துத்தான், பொருத்தியதைக் காக்கிற மாத்திரையோடு அது சண்டை போடும் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லி அனுப்பினாள். அதை நான் வேதமாகப் பிடித்துக்கொண்டேன். என் கம்பெனிப் பொருள்களை அவர் கண்ணில் படும்படிகூட வைப்பதில்லை. இருமலுக்கு ஒரு சொட்டு மருந்து வேண்டுமானாலும் மூன்று தடவை கேட்கிறேன். "அம்மா, நீங்களா?" என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள் அங்கே.

உனக்காக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை ராசம்மா. எனக்குத் தோன்றவே இல்லை. அவர் நோயாளி, நீ கொடுத்தவள். கொடுக்கிற தெம்பு இருந்ததால்தானே கொடுத்தாய், உனக்கென்ன என்று என் மூளையில் பதிந்துவிட்டிருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் உள்ளே ஒன்று ஒன்றுதான் இருக்கிறது என்ற கணக்கு இத்தனை வருடமாக எனக்கு ஏறவே இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் ஏறுகிறது.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று கண்டுபிடித்துவிட்டார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. சட்டைக்கு மேலாக உன் கிட்னி இருக்கிற வலப்பக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எனக்கு கேட்டியே யோகம், அவளுக்கு ஏன் கேக்கல?" என்றார். அவ்வளவுதான். "நானும் கேக்கல" என்று அவரே சொல்லிக்கொண்டார். ராத்திரி சாப்பாடு அப்படியே இருந்தது. மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போட வைத்தேன்.

இந்த வாரம் நான் பொருள் விற்ற வீடுகளுக்கெல்லாம் போன் போட்டேன். "வீட்ல யாருக்காச்சும் கிட்னி பிரச்சினை இருக்கா?" என்று கேட்டேன். ஒருத்தி கோபப்பட்டாள். ஒருத்தி, மாமியாருக்கு இருக்கிறது, அவருக்குத்தான் வாங்கினேன் என்றாள். நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் புட்டியோடு போகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் என் பெயர் கெட்டுவிட்டது. கெடட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ திட்டி ஒரு கடிதம் எழுதினாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன்.

யோகம்


பெக்கான் நானாஸ்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கேண்டீனில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று ஹேமநாதன் கேட்டார். "அண்ணனுக்கு அண்ணி குடுக்கலையாம், நல்ல வேள" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே நிம்மதிதான். இவ்வளவு பேர் இருந்தும் எனக்காக யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்பதுதான் அந்த அழுகை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

கல்லையும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். இரத்தத்தில் ஏறினது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பழைய அளவுக்கு வரவில்லை. "இனிமே இதுதான் ஒங்க அளவுன்னு வெச்சுக்குங்கக்கா, இதுக்கு மேல ஏறாம பாத்துக்குவோம்" என்றாள் டாக்டரம்மா. எல்லா வைட்டமினுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டி மட்டும்தான் குறைவாம். மூன்று புட்டியில் விழுங்கியது எங்கே போனதோ, அந்தப் புட்டிகளில் எழுதியிருந்தது உள்ளே இருந்ததோ இல்லையோ என்று அவளே தலையைச் சொறிந்தாள். இப்போது ஒரே ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, அதுவும் மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்த்த பிறகு தொடர்வதா வேண்டாமா என்று சொல்வாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது மிளகு அளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சாப்பிடுகிற கீரையிலும் மீனிலும் பப்பாளியிலும் போதுமாம். இடுப்பு வலி, தலைவலி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாதாம், கேட்காமல் எதையும் வாயில் போடக்கூடாதாம்.

பொருள் வாங்கின வீடுகளுக்கு நீங்கள் போன் போட்டதை ஹேமநாதனிடம் சொன்னேன். "யோகம்மாவா? கூட்டத்துல மைக் பிடிக்கிற யோகம்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். அந்த மாமியார்க்காரியை எனக்குத் தெரியாது, ஆனாலும் அவருக்காக நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இப்போது முடியவில்லை, மன்னிக்க மாட்டேன் என்று எழுதவும் தெம்பில்லை. களைப்பாக இருக்கிறது அண்ணி. அது போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் பட்டினி கிடந்தால் என் உடம்பு ஒன்றும் தேறப்போவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மே மாதம் ஜோகூர் பாருவில் எனக்கு அடுத்த பரிசோதனை இருக்கிறது. ஹேமநாதன் வருவார், ஆனால் அவர் வாசலில் சிகரெட் தேடிக்கொண்டு நிற்பார். டாக்டர் அறைக்குள் போனால் எனக்குப் பேச்சே வராது. எது கேட்டாலும், "ஒன்னும் இல்ல டாக்டர், நல்லாதான் இருக்கேன்" என்றுதான் வாய் சொல்கிறது. கிட்னி கொடுத்த நாளிலிருந்து எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது. நல்லா இல்லை என்று சொன்னால் அண்ணன் மனசு நோகுமே, கொடுத்ததற்கு வருத்தப்படுகிறாள் என்று ஊர் சொல்லுமே என்று முழுங்கி முழுங்கிப் பழகிவிட்டது.

அன்றைக்கு நீங்கள் என் கூட உள்ளே வந்து உட்காருங்கள். அண்ணனுக்காகக் கேட்பீர்களே, நர்சுகள் குரலை வைத்தே கண்டுபிடிப்பார்களே, அதே குரலில் எனக்காகக் கேளுங்கள். இதைச் சாப்பிடலாமா, அதைத் தொடலாமா, இவள் ஏன் இப்படி வற்றிப்போயிருக்கிறாள் என்று கேளுங்கள். மூன்று தடவை கேட்டாலும் பரவாயில்லை.

அண்ணனை மட்டும் அழைத்து வராதீர்கள். அவர் வந்தால் வாசல் காவலாளி முதல் டாக்டர் வரை எல்லோரும் அவரைத்தான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று ஒரு நாளாவது நான் நோயாளியாக இருந்துகொள்கிறேன்.

ராசம்மா